பென்ஷன் ஊருக்கு வரும். நீதி மட்டும் வராதா?

உழைத்தவர்க்கு ஓய்வூதியம் உண்டா என்று கேட்டால், உண்டு என்கிறது சட்டம். அது குறைந்தால், நின்றால், மறுக்கப்பட்டால் வழக்குப் போடலாமா என்று கேட்டால், போடலாம் என்கிறது சட்டம். சரி, எந்த ஊர் கோர்ட்டில் போடுவது? எத்தனை பேர் சேர்ந்து போடுவது? இந்த இரண்டு கேள்விக்கு வரும்போதுதான் சட்டத்தின் நாக்குக் குழறுகிறது. வேலை பார்த்த ஊருக்குப் போ என்கிறார்கள். தலைமை அலுவலகம் டெல்லியில், அங்கே போ என்கிறார்கள். எங்கே போனாலும் ஒவ்வொருவராக வா என்கிறார்கள்.

சொந்த ஊரிலேயே பிறந்து, சொந்த ஊரிலேயே உழைத்து, சொந்த ஊரிலேயே ஓய்வு பெறுகிறவருக்கு இவை சாதாரணக் கேள்விகளாக இருக்கலாம். நமக்கு அப்படியல்ல. மும்பையில் முப்பது வருடம் உழைத்தவர் உடம்பு தளர்ந்ததும் திருநெல்வேலிச் சீமைக்குத் திரும்புகிறார். கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரியோடு சுரங்கம் மூடப்பட்ட பின், சுரங்கத் தமிழர்களின் பிள்ளைகள் விடிவதற்கு முன் பெங்களூருக்கு ரயில் ஏறுகிறார்கள். உழைத்த இடம் ஒன்று, முதுமை இன்னோரிடம் என்பதே புலம்பெயர்ந்தவன் வாழ்க்கை. அந்த வாழ்க்கைக்கு ஏற்ற வழக்குமன்றம் எங்கே?

நாம் சொல்ல வருவது இதுதான். ஓய்வூதிய வழக்கை உழைப்பாளி வாழும் ஊரிலேயே, ஒரே குறை உள்ளவர்கள் எல்லோரும் சேர்ந்து தொடுக்கச் சட்டம் வழி செய்ய வேண்டும். இரண்டும் வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லையென்றால், பூட்டு ஓரிடத்தில், சாவி ஓரிடத்தில் என்ற கதைதான்.

யார் வீட்டுப் பணம்?

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-ல் வந்தது. அதன் கீழ் 1995 நவம்பர் 16 முதல் ஓய்வூதியத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நம் பெயரில் முதலாளி கட்ட வேண்டிய பி.எப். பங்கிலிருந்து சம்பளத்தில் 8.33 சதவீதம் இந்த ஓய்வூதிய நிதிக்குப் போகும். மத்திய அரசு 1.16 சதவீதம் சேர்க்கும். இதற்கு ஒரு சம்பள வரம்பு உண்டு. பத்து ஆண்டாவது சேவை இருந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன்.

முதலாளியின் பங்கு என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அது என்ன அவர் வீட்டுச் சீதனமா? நம் உழைப்புக்கு அவர் கொடுக்க வேண்டிய கூலியில் ஒரு பகுதிதான் அது. இன்றைக்குத் தராமல் நாளைக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்ட கூலி. ஓய்வூதியம் கருணைப் பிச்சையல்ல, செய்த வேலைக்குரிய உரிமை என்று 1982 டிசம்பர் 17-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அந்த நாளைத்தான் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறோம். அது அரசு ஊழியர்களின் வழக்கு. ஆனால் அதில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. மனுதாரர்களில் ஒருவராக நின்றது ‘காமன் காஸ்’ என்ற பொதுநலச் சங்கம். பென்ஷன் வாங்காத சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று அரசுத் தரப்பு கேட்டது. சங்கம் வழக்காடலாம் என்றது நீதிமன்றம். ஓய்வூதியர் வரலாற்றின் பெரிய வெற்றியே கூட்டாகக் கேட்டதால் வந்த வெற்றி.

அரசு ஊழியருக்கு அன்று கிடைத்த அந்தக் கூட்டு வழி, ஆலைத் தொழிலாளிக்கும் கம்பெனிக் காவலாளிக்கும் இன்றும் நேராகத் திறக்கவில்லை.

ஒருவராகப் போனால் என்ன ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். திட்டத்தின் சூத்திரம் எளிது: கணக்கில் எடுக்கும் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். கணக்கில் எடுக்கும் சம்பளம் ரூ.15,000, சேவை 14 ஆண்டு என்றால் மாதம் ரூ.3,000. அதே ஆளுக்கு உண்மையான சம்பளம் ரூ.30,000 என்று எடுத்தால் மாதம் ரூ.6,000. வித்தியாசம் ரூ.3,000. குறைந்தபட்ச ஓய்வூதியமே மாதம் ஆயிரம் ரூபாய் என்று 2014-ல் நிர்ணயித்த நாட்டில், இந்த மூவாயிரம் ஒரு கிழவனுக்கும் கிழவிக்கும் அரிசி, பருப்பு, மருந்து.

ஆனால் இந்த மூவாயிரத்துக்காக ஒருவர் தனியாக வழக்குப் போட முடியுமா? வக்கீலுக்குப் பணம், வாய்தாவுக்கு வாய்தா ரயில் பயணம், துணைக்கு ஒரு ஆள், தங்க ஓரிடம். சர்க்கார் அலுவலகத்துக்கு இதில் ஒன்றும் செலவில்லை. அதன் வக்கீலுக்கு நம் பணத்திலிருந்தே ஃபீஸ். அது அப்பீல் போகும். அதற்கு மேல் அப்பீல் போகும். வயதானவருக்கோ ஆயுள்தான் தவணை. வழக்கு முடிவதற்குள் மனுதாரர் முடிந்துவிடுவார் என்ற கணக்கு யாருக்கும் தெரியாததல்ல.

ஆகவே தனித்தனியாக வா என்பது வெறும் நடைமுறை விதி அல்ல. அது தோற்கடிக்கும் தந்திரம். மாதம் மூவாயிரம் ஒருவருக்குச் சின்ன வழக்கு. ஆயிரம் பேருக்கு அது மாதம் முப்பது லட்சம். ஆயிரம் பேரின் வழக்கை ஒரு நல்ல வக்கீல் நடத்தலாம், ஒரு சங்கம் தாங்கலாம். ஊர் கூடினால் தேர் நகரும். ஒருவர் இழுத்தால் வடம் அறுந்து கை காயும்.

ஒரே விதி, ஆயிரம் வழக்கு

இது கற்பனையா என்று கேட்போருக்கு நாடே கண்ட ஓர் உதாரணம் இருக்கிறது. உச்ச வரம்புக்கு மேற்பட்ட உண்மைச் சம்பளத்தின் மீதே பங்களித்து அதிக ஓய்வூதியம் பெறலாம் என்று 1996 மார்ச்சில் திட்டத்தில் ஒரு விதி சேர்த்தார்கள். தொழிலாளியும் முதலாளியும் கூட்டாக விருப்பம் எழுதித் தர வேண்டும். எத்தனை தொழிலாளிக்கு இந்த விதி தெரியும்? எத்தனை கம்பெனி நோட்டீஸ் பலகையில் ஒட்டியது? பின்னால் தெரிந்து கேட்டவர்களிடம், காலக்கெடு முடிந்துவிட்டது என்றது வைப்பு நிதி அலுவலகம். ஹிமாச்சலப் பிரதேசத்தில் சிலர் விடவில்லை. அப்படிக் காலக்கெடு எதுவும் அந்த விதியில் இல்லை என்று 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அதற்குள் 2014 செப்டம்பர் 1 முதல் விதியையே மாற்றிவிட்டார்கள். வரம்பு ரூ.6,500-லிருந்து ரூ.15,000 ஆனது. கடைசி 12 மாதச் சராசரிக்குப் பதில் 60 மாதச் சராசரி என்றானது; சம்பளம் ஏறிக்கொண்டே போகிறவருக்கு இதனால் பென்ஷன் குறையும். அதிகப் பங்களிப்புக்கான விருப்ப வழி அடைக்கப்பட்டது. கேரள உயர் நீதிமன்றம் 2018 அக்டோபரில் இந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது. 2019 ஏப்ரல் 1-ல் வைப்பு நிதி அமைப்பின் மேல் முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளியது. எல்லாம் முடிந்தது என்று மக்கள் மகிழ்ந்திருக்க, 2021 ஜனவரியில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. கடைசியில் 2022 நவம்பர் 4-ல் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். திருத்தம் பெரும்பாலும் செல்லும். 2014 செப்டம்பர் 1-ல் பணியில் இருந்தவர்கள் விருப்பம் தெரிவிக்க நான்கு மாதம் அவகாசம். அந்தத் தேதிக்கு முன்பே விருப்பம் கொடுக்காமல் ஓய்வு பெற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை.

கடைசி வாக்கியத்தை மீண்டும் படியுங்கள். விருப்பம் கொடுக்காமல் ஓய்வு பெற்றவர் யார்? விதி இருப்பதே தெரியாதவர். காலக்கெடு முடிந்தது என்ற சொல்லை நம்பி வீட்டுக்குப் போனவர். கையெழுத்துப் போட மறுத்த முதலாளியிடம் வேலை பார்த்தவர். ஒரே நிதி, ஒரே விதி. ஆனால் கேரளத்தில் ஒரு வழக்கு, ராஜஸ்தானில் ஒரு வழக்கு, டெல்லியில் ஒரு வழக்கு. முந்திப் போனவருக்கு ஒரு நீதி, பிந்திப் போனவருக்கு ஒரு நீதி, போகவே முடியாதவருக்கு நீதியே இல்லை. தொடக்கத்திலேயே எல்லாத் தொழிலாளருக்குமாக ஒரு கூட்டு வழக்கு நடந்து, எல்லோருக்கும் அறிவிப்புப் போயிருந்தால், தெரியாதவர் என்ற ஒரு கூட்டமே இருந்திருக்காது. அறியாமையைத் தண்டிக்கிற தீர்ப்புக்கு இடமும் இருந்திருக்காது.

எல்லைக் கல் எங்கே?

இனி ஊர்க் கேள்வி. 1953-ல் சென்னைச் சட்டசபை உறுப்பினர் ஒருவரின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் ஆணையத்துக்கு ஆணை பிறப்பிக்க முடியாது, ஏனென்றால் ஆணையம் இருப்பது டெல்லியில் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மத்திய சர்க்காரின் அநியாயம் கன்னியாகுமரியில் நடந்தாலும் நியாயம் டெல்லிப் பக்கம்தான் என்று ஆயிற்று. இந்த அநீதி பத்து வருடம் நீடித்தது. 1963-ல் அரசியல் சட்டத்தின் பதினைந்தாவது திருத்தம் வந்து, வழக்கு மூலம் முழுவதுமோ ஒரு பகுதியோ எங்கே எழுந்ததோ அந்த உயர் நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்றது. அதாவது, குறை உண்டான இடம்.

திருத்தம் வந்து அரை நூற்றாண்டு ஆனபின்னும் ஏழைக்கு இது எளிதில் கிடைக்கவில்லை. மும்பையில் தலைமையகம் உள்ள பொதுத்துறைக் கப்பல் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த பீகார்க் கடலோடி ஒருவர், இதய நோயால் வேலைக்குத் தகுதியற்றவர் என்று அனுப்பப்பட்டு ஊர் திரும்பினார். ஊரிலிருந்து இழப்பீடு கேட்டு எழுதினார். மறுப்புக் கடிதம் ஊருக்கே வந்தது. பாட்னா உயர் நீதிமன்றமோ, இது எங்கள் எல்லையில் இல்லை என்றது. உச்ச நீதிமன்றம் 2014-ல் அதைத் திருத்தி, மறுப்பு வந்து சேர்ந்த இடமும் வழக்கு மூலத்தின் ஒரு பகுதி, பாட்னாவே விசாரிக்கலாம் என்றது.

அடுத்தது நம் நெஞ்சைத் தொடுகிற வழக்கு. வெளி மாநில நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, ஓய்வு பெற்று, பீகாரின் தர்பங்காவில் குடியேறி, அங்குள்ள வங்கியில் பென்ஷன் வாங்கியவர் ஒருவர். பென்ஷன் திடீரென நின்றது. மீண்டும் அதே பதில்: பாட்னாவுக்கு அதிகாரம் இல்லை. அவருடைய மனைவி உச்ச நீதிமன்றம் வரை போனார். பென்ஷன் எங்கே வாங்கினாரோ, எங்கே நின்றதோ, அங்கே வழக்கு மூலம் உண்டு என்று 2020 நவம்பரில் தீர்ப்பு வந்தது.

இந்த இரண்டு தீர்ப்பும் நம்மைப் போன்ற புலம்பெயர் உழைப்பாளிகள் பெற்ற வெற்றி. பாராட்டுவோம். ஆனால் விலையையும் பாருங்கள். பணம் கிடைக்குமா என்று கேட்க அல்ல, எந்தக் கோர்ட்டில் கேட்பது என்று தெரிந்துகொள்ளவே ஒரு நோயாளியும் ஒரு தொழிலாளியின் மனைவியும் டெல்லி வரை போக வேண்டியிருந்தது! அதோடு, வழக்கு மூலத்தின் சிறு பகுதி தன் எல்லையில் இருந்தாலும், வசதியான இடம் வேறு என்று கருதினால் உயர் நீதிமன்றம் விசாரிக்க மறுக்கலாம் என்று 2004-ல் ஒரு தீர்ப்பு உண்டு. யாருக்கு வசதி? ஃபைல் வைத்திருப்பவருக்கா, பட்டினி கிடப்பவருக்கா?

திறந்திருக்கும் ஒரு கதவு

வழியே இல்லை என்று சொல்லி மக்களைச் சோர்வடையச் செய்வது நம் வேலையல்ல. ஒரு கதவு திறந்திருக்கிறது. ஓய்வு நிதி உறுப்பினர் ஒரு நுகர்வோர், வைப்பு நிதி அலுவலகம் சேவை தருகிற அமைப்பு என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1995 ஓய்வூதியத் திட்டத்துக்கும் அதுவே பொருந்தும் என்று 2008-ல் உறுதி செய்தது. ஆகவே தாமதம், தவறான கணக்கு, காரணமில்லாத மறுப்பு ஆகியவற்றுக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். (அரசு ஊழியர் தம் பணப்பயன்களுக்காக அங்கே போக முடியாது என்று 2013-ல் ஒரு தீர்ப்பு உண்டு, நாம் பேசுவது பி.எப். தொழிலாளர் பற்றி.)

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டம் இன்னும் இரண்டு உதவி செய்தது. மனு கொடுப்பவர் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம் என்று 34-வது பிரிவு சொல்கிறது. ஒரே நலன் உள்ள பலருக்காக ஒருவரோ சிலரோ ஆணையத்தின் அனுமதியோடு மனுக் கொடுக்கலாம் என்று 35-வது பிரிவு சொல்கிறது. ஊர்க் கதவும் கூட்டுக் கதவும் ஒரே சட்டத்தில்! நம் தொழிலாளரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பிறகு என்ன குறை என்று கேட்பீர்கள். குறை மூன்று.

முதலாவது, நுகர்வோர் ஆணையம் அலுவலகத்தின் தவறைத் திருத்தலாம். விதியையே செல்லாது என்று சொல்ல அதற்கு அதிகாரமில்லை. 60 மாதச் சராசரி அநியாயம் என்றால் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே எல்லோருக்குமாக ஒரே வழக்கு என்பதற்கு ஓய்வூதியச் சட்டத்தில் வழி வகுக்கப்படவில்லை.

இரண்டாவது, கூட்டு மனுவில் எல்லோருடைய மதிப்பையும் கூட்டித்தான் எந்த ஆணையம் என்று முடிவு செய்ய வேண்டும் என்று வீடு வாங்கியோர் வழக்கொன்றில் தேசிய ஆணையம் 2016-ல் சொன்னது. மாவட்ட ஆணையத்துக்கு 50 லட்சம், மாநில ஆணையத்துக்கு இரண்டு கோடி, அதற்கு மேல் டெல்லி என்று 2021 விதி வரம்பு கட்டுகிறது. ஆக, ஆள் சேரச் சேரத் தொகை ஏறும். தொகை ஏற ஏற வழக்கு நம் ஊரை விட்டு ஓடும். கோடீஸ்வரனின் ஒரு பங்களாவுக்கும் ஆயிரம் ஏழைகளின் ஆயிரம் கஞ்சிக் கலயத்துக்கும் ஒரே தராசு! 

மூன்றாவது, இந்தக் கதவுகூட நமக்கென்று திறந்ததல்ல. பிரிட்ஜ் வாங்கியவருக்கும் பிளாட் வாங்கியவருக்கும் செய்த வாசலில், ஓய்வூதியரும் பக்கவாட்டில் நுழைந்துகொள்கிறார். கம்பெனியில் பங்கு வாங்கியவர்களுக்குக் கூட்டு வழக்கு உரிமையை 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 245-வது பிரிவு பெயர் சொல்லித் தருகிறது. பணம் போட்டவருக்குத் தந்த உரிமை, உயிரைப் போட்டவருக்கு இல்லையா? 2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். சமூகப் பாதுகாப்பு என்ற பெயரிலேயே ஒரு தொகுப்பு. இத்தனை பழைய சட்டங்களை ஒன்றாகச் சேர்க்கத் தெரிந்தவர்களுக்குத் தொழிலாளரின் வழக்குகளை ஒன்றாகச் சேர்க்கத் தோன்றவில்லை.

அவர்கள் சொல்லும் சாக்கு

ஒவ்வொருவர் சேவையும் சம்பளமும் வேறு, எப்படி ஒரே வழக்கு ஆகும் என்பார்கள். சென்னையில் வீட்டுவசதி வாரியம் கூடுதல் பணம் கேட்டபோது, ஒருவர் எல்லா ஒதுக்கீட்டாளருக்குமாக வழக்குப் போட்டார். ஒவ்வொருவருக்கும் தனித் தனியாக நோட்டீஸ், தனித் தனி ஒப்பந்தம் என்று வாரியம் வாதாடியது. நலன் ஒன்றாக இருந்தால் போதும் என்று 1990-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ஏற்றது. 1908-ம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் முதல் ஆணை 8-வது விதி அப்படித்தான் சொல்கிறது. விதி சரியா தப்பா என்பது எல்லோருக்கும் ஒரே கேள்வி. யாருக்கு எவ்வளவு என்பது கூட்டல் கழித்தல். முதலாவதைக் கோர்ட் தீர்க்கட்டும். இரண்டாவதைக் கம்ப்யூட்டர் போடட்டும்.

தோற்றால் எல்லோரும் தோற்பார்களே என்பது இன்னொரு பயம். இதில் உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டோம். கூட்டு வழக்கின் தீர்ப்பு எல்லோரையும் கட்டுப்படுத்தும். அதனால்தான் எல்லோருக்கும் அறிவிப்புத் தர வேண்டும், விரும்பியவர் தாமும் கட்சிக்காரராகச் சேரலாம், முன்நிற்பவர் தன்னிஷ்டத்துக்குச் சமரசம் செய்து கொள்ளக் கூடாது என்று அதே விதி காவல் போட்டிருக்கிறது. மேலும், 2022 தீர்ப்பில் வழக்குக்கே போகாத லட்சக்கணக்கானவர்களின் தலைவிதியும் சேர்ந்துதானே முடிவாயிற்று? கூடிப் போகாவிட்டாலும் தோல்வி எல்லோருக்கும் பொது என்றால், கூடிப் போய் வாதாடுவதில் என்ன நஷ்டம்?

மூன்றாவது சாக்கு: எல்லா ஊரிலும் வழக்கு வந்தால் அலுவலகம் எப்படிப் பதில் சொல்லும்? ஆவணம் எல்லாம் வேலை பார்த்த ஊர் அலுவலகத்தில் அல்லவா இருக்கிறது? இதற்குப் பதிலை அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 2014-ல் ஒவ்வொரு உறுப்பினருக்கும் நாடு முழுவதற்கும் ஒரே எண் கொடுத்தார்கள். 2025 ஜனவரியில் மத்தியப்படுத்திய ஓய்வூதியப் பட்டுவாடா முறையை எல்லா மண்டலத்திலும் கொண்டு வந்தார்கள். 68 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓய்வூதியர் இனி இந்தியாவில் எந்த வங்கியிலும், எந்தக் கிளையிலும் பென்ஷன் வாங்கலாம் என்று பெருமையோடு அறிவித்தார்கள். மகிழ்ச்சி! மும்பையில் உழைத்தவருக்கு வள்ளியூரில் பணம் தர முடிகிறதல்லவா? அப்படியானால் அவருக்கு வள்ளியூர்ப் பக்கமே பதில் சொல்லவும் முடியும். பணம் போகிற கம்பியில் ஆவணம் போகாதா?

நாம் செய்ய வேண்டியவை

தொழிற்சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டு, போட்டோ எடுத்து, கேட் வரை வந்து வழியனுப்பினால் கடமை முடிந்ததா? கேட்டுக்கு வெளியே போனவர் சந்தா தர மாட்டார் என்பதற்காக அவரை மறப்பது தொழிலாளர் ஒற்றுமை ஆகாது. இன்று ஓய்வூதியருக்கு நடப்பதுதான் நாளை உங்கள் உறுப்பினருக்கு நடக்கும்.

நம் குடும்பங்களுக்குச் சொல்வது: சம்பளச் சீட்டு, பி.எப். கணக்குத் தாள், வேலைச் சான்று, ஒன்றையும் எறியாதீர்கள். அலுவலகத்தில் வாய்ப்பேச்சில் மறுத்தால் திரும்பி வராதீர்கள், எழுத்தில் கேளுங்கள். பதிலை நீங்கள் இப்போது வாழும் முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்த மறுப்புக் கடிதம்தான் உங்கள் ஊரில் வழக்குப் போட உரிமை தரும் சீட்டு. கடலோடியின் வழக்கு காட்டிய பாடம் அதுதான். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக் கெடு உண்டு, தாமதம் செய்யாதீர்கள். அதே கம்பெனியில், அதே குறையோடு இன்னும் எத்தனை பேர் என்று விசாரித்துப் பட்டியல் எடுங்கள். பத்துப் பேர் பெயர் சேர்ந்ததும் சங்கத்துக்கு வாருங்கள்.

மத்திய அரசிடமும் நாடாளுமன்றத்திடமும் நாம் கேட்பவை இவை. ஓய்வூதியச் சட்டத்திலேயே கூட்டு வழக்கு உரிமையைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். தொழிலாளியோ, அவர் மனைவியோ, வாரிசோ வாழும் மாவட்டத்தில் அதைத் தொடுக்கலாம் என்றும், அங்கிருந்து தொடுத்தவர் மற்ற மாவட்டத்தாருக்கும் சேர்த்து வாதாடலாம் என்றும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆட்களின் தொகையைக் கூட்டி வழக்கைத் தூரத்துக்குத் தள்ளும் முறை ஓய்வூதியருக்குப் பொருந்தாது என்று அறிவிக்க வேண்டும். அறிவிப்பு அந்தந்த மொழியில், தமிழருக்குத் தமிழில் வர வேண்டும். மூடிப்போன ஆலையின் முதலாளி கையெழுத்து இல்லை என்ற காரணத்தால் யாருடைய உரிமையும் சாகக் கூடாது.

இவை சலுகைகள் அல்ல. வேலைக்குக் கூப்பிட்டபோது எந்த ஊர்க்காரன் என்று பார்க்காமல் கூப்பிட்டார்கள். சம்பளத்தில் பிடித்தபோது எல்லோரிடமும் ஒரே விதியில், ஒரே நாளில், ஒரேயடியாகப் பிடித்தார்கள். பிடிக்கும்போது கூட்டம், கேட்கும்போது மட்டும் தனி ஆளா? கூட்டாகப் பிடித்ததைக் கூட்டாகக் கேட்போம். நாம் வாழும் ஊரில் நின்று கேட்போம். பதில் சொல்ல அவர்கள் வரட்டும்!